நானே விரும்பி ஏற்ற மாற்றம், ஆனாலும் என் மதிப்பு ஏன் சரிந்தது?

கேள்வி | பதிவர்: முன்வரிசை மாணவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 42. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் பணியாற்றினேன்; அவற்றுள் கடைசி 6 ஆண்டுகள் அப்பிரிவின் பொறுப்பாளராக இருந்தேன். ஆசிரியராக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எனவே யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நானே முடிவெடுத்து வேலையை விட்டு, எட்டு மாதங்களுக்கு முன்பு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். வீட்டில் எதிர்ப்பு எழவில்லை. பணத்துக்கும் முன்கூட்டியே வழி செய்து வைத்திருந்தேன். அதாவது, இழப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எனக்கு எதுவும் நேரவில்லை.

இருந்தும் சில வாரங்களாக நான் என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு மாதிரி வகுப்பு எடுத்தேன். மேற்பார்வையாளர், "குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, பலகையைப் பார்த்தே பேசுகிறீர்கள்" என்று குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். நியாயமான குறிப்புதான். ஆனால் அன்று மாலை முழுவதும் "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணமே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வேலையில் தணிக்கையின்போது என் பிரிவில் இதைவிடப் பெரிய பிழை அகப்பட்டதுண்டு. அன்று அதைத் திருத்திவிட்டு நிம்மதியாக உறங்கியவள்தான் நான். போன வாரம் ஏதோ ஒரு படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்துக்கு எதிரே பேனா அப்படியே நின்றுவிட்டது.

இதற்கிடையில் என் மகளும், அவளுக்கு வயது 12, இந்த ஆண்டுதான் சிறிய பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்கு மாறியிருக்கிறாள். முன்பு வகுப்பில் முதலிடத்தில் இருந்தவள் இப்போது "எனக்கு எதுவுமே வராது" என்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரிந்திருப்பது தன்னம்பிக்கையா, தன்மதிப்பா? 17 ஆண்டுகள் கட்டியது எட்டு மாதங்களில் இடிந்துவிடுமா? எனக்கு நேர்வதும் மகளுக்கு நேர்வதும் ஒன்றுதானா? "நம்பிக்கையோடு இரு" என்ற அறிவுரை வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. அதைத் தவிர வேறு எதுவாயினும் கேட்கக் காத்திருக்கிறேன்.

மறுமொழி 1 | பதிவர்: வளர்ச்சிப் பாடம்

சகோதரிக்கு வணக்கம். நான் கல்லூரியில் வளர்ச்சி உளவியல் கற்பிப்பவன். உங்கள் முதல் கேள்வியே சரியான கேள்வி.

பேச்சில் நாம் மூன்று சொற்களைக் கலந்தே பயன்படுத்துகிறோம். தன்னம்பிக்கை என்பது ஒரு குறிப்பிட்ட செயலை என்னால் செய்ய முடியும் என்ற எதிர்பார்ப்பு. அது செயலுக்குச் செயல் மாறும். தன்மானம் என்பது பிறர் நம்மை இழிவாக நடத்தினால் பொறுக்க மறுக்கும் உணர்வு. தன்மதிப்போ, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பின் "நான் மதிக்கத்தக்க மனிதர்தானா" என்று நமக்கு நாமே வைத்திருக்கும் பொதுத் தீர்ப்பு. தன்மதிப்பை அளக்க மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் 1965-இல் வெளியிட்ட வினாத்தாள் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் இருப்பவை பத்தே கூற்றுகள். நீங்கள் மற்றவர்களைவிட உயர்ந்தவரா என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. பிறருக்கு இணையான மதிப்பு உங்களுக்கும் உண்டு என்று உணர்கிறீர்களா என்பதே அவருடைய அக்கறை. குரல் எட்டவில்லை என்பது தன்னம்பிக்கையைத் தொட வேண்டிய செய்தி. அது ஒரே மாலையில் தன்மதிப்பு வரைக்கும் எப்படி இறங்கியது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். தொகுதியில் நம் வெற்றிகள், பகுதியில் நாம் நம்மிடம் எதிர்பார்ப்பவை. தம்மையே எடுத்துக்காட்டாகவும் நிறுத்தினார்: உளவியல் அறிஞராக இருப்பதில் தம் முழு மதிப்பையும் பணயம் வைத்துவிட்டதால், தம்மைவிட உளவியல் அறிந்தவர்களைக் கண்டால் கூசிப்போவதாகவும், கிரேக்க மொழியில் தமக்கு இருக்கும் அறியாமையைப் பற்றித் துளியும் வெட்கமில்லை என்றும் எழுதினார். கணக்கில் ஊறிய உங்களுக்கு இந்தப் பின்னத்தை விளக்க வேண்டியதில்லை. வேலையை விட்ட நாளில் உங்கள் தொகுதி ஏறத்தாழச் சுழியத்துக்கு வந்துவிட்டது. பகுதி மட்டும் பழைய பொறுப்பாளரின் அளவிலேயே நிற்கிறது. அன்று தணிக்கையில் அகப்பட்ட பிழை, ஆயிரக்கணக்கான சரியான பதிவுகளுக்கு நடுவே இருந்த ஒரு பதிவு. இன்றைய குறிப்போ, இன்னும் நிரம்பாத புதிய பேரேட்டின் முதல் பக்கத்தில் தனியாக நிற்கும் பதிவு. அதனால்தான் சிறிய பிழை பெரிதாக வலிக்கிறது.

நீங்களே விரும்பி ஏற்ற மாற்றமாயிற்றே என்ற திகைப்புக்கும் ஒரு விளக்கம் உண்டு. வாழ்க்கை மாற்றங்களைப் பற்றி 1981-இல் ஒரு மாதிரியை முன்வைத்த நான்சி ஷ்லாஸ்பெர்க், நடந்தது நல்லதா கெட்டதா என்பதைவிட, அது எதையெல்லாம் மாற்றியது என்று கேட்கச் சொன்னார்: பாத்திரம், உறவுகள், அன்றாட ஒழுங்கு, தன்னையும் உலகத்தையும் பற்றிய அனுமானங்கள். பதவி உயர்வும் திருமணமும் குழந்தைப்பேறும்கூட இந்த நான்கையும் புரட்டிப்போடக்கூடியவை. உங்கள் மாற்றம் நான்கையும் ஒரே மாதத்தில் தொட்டிருக்கிறது. இந்த நான்கு தலைப்புகளிலும் உங்களுக்கு என்ன போயிற்று, என்ன வந்தது என்று எழுதிப் பாருங்கள். இழப்பு எதுவுமில்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியை நீங்களே திருத்தக்கூடும்.

வயதைக் காரணமாக எண்ண வேண்டாம். ஊல்ரிக் ஆர்த்தும் உடன் ஆய்வாளர்களும் 331 மாதிரிகளைச் சேர்ந்த 1,64,868 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரித் தன்மதிப்பு 4 வயதிலிருந்து 11 வரை உயர்கிறது. 11 முதல் 15 வரை அசையாமல் நிற்கிறது. 30 வரை வேகமாகவும், பிறகு 60 வரை மெதுவாகவும் ஏறுகிறது. 70 வரை அப்படியே இருந்து, அதன் பின்னரே இறங்கத் தொடங்குகிறது. அதாவது 42 என்பது சராசரியாக ஏறுமுகத்தில் இருக்கும் வயது. சராசரி என்பது தனிமனிதரின் பள்ளங்களை மூடி மறைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 2 | பதிவர்: நேர்நிரை

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஜேம்ஸின் பின்னத்தைச் சரிசெய்ய எளிய வழி பகுதியைக் குறைப்பதுதான். ஆனால் எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்த நரியும் அதைத்தானே செய்தது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தன்மதிப்பை உயர்த்தினால் மற்றவை தாமாகவே சரியாகிவிடும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் அரசாங்கம் வரை போயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1986-இல் இதற்கென ஒரு பணிக்குழுவையே அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 1990-இல் வந்தது. பின்னர் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உயர்ந்த தன்மதிப்பு நல்ல மதிப்பெண்ணுக்கோ சிறந்த பணிக்கோ காரணமாகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. நன்றாகச் செய்வதன் விளைவாகவே தன்மதிப்பு ஓரளவு உயர்கிறது என்ற பக்கமே தராசு சாய்ந்தது. ஆகவே, அம்மா, தன்மதிப்பை மறந்துவிட்டுக் குரலைப் பழகுங்கள் என்பதே என் கருத்து. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 | பதிவர்: நான்கு மணிக் காவல்

அன்புள்ள மகளுக்கு, வயது கருதி அப்படி அழைக்கிறேன். 31 ஆண்டுகள் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதிகாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரையிலான காவல் முறை பல ஆண்டுகள் என்னுடையதாக இருந்தது. கரையேறி ஐந்து ஆண்டுகள் ஆகியும், நான்கு மணிக்குச் சற்று முன்பாகக் கண் திறந்துகொள்கிறது. முதல் ஆண்டில், விழித்தவுடன் காது இயந்திர ஒலியைத் தேடும். அது இல்லை என்பது உறைக்கும் அந்த ஒரு கணத்தில் நெஞ்சு காலியாகிவிடும்.

ஹெலன் ரோஸ் ஃபுக்ஸ் எபாவ் என்ற சமூகவியலாளர் துறவறத்திலிருந்து வெளியேறியவர். தம்மைப் போலவே ஒரு பாத்திரத்தை விட்டு வெளியேறிய 185 பேரிடம், அவர்களில் முன்னாள் கன்னியாஸ்திரீகளும் முன்னாள் மருத்துவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் உண்டு, நேர்காணல் செய்து 1988-இல் ஒரு நூலை வெளியிட்டார். 'முன்னாள்' என்பதே தனி அடையாளம் என்பது அவர் கண்டது. முன்னாள் ஆசிரியர் என்பவர் ஒருபோதும் ஆசிரியராகவே இல்லாதவரைப் போன்றவர் அல்லர். பழைய பாத்திரத்தின் மிச்சம் அவருக்குள் தங்கியே இருக்கும், எதிரில் இருப்பவரும் அதை வைத்தே அவரிடம் பழகுவார். நான் அதைப் படித்தபோது, என் நான்கு மணி விழிப்பை யாரோ முன்பே எழுதி வைத்திருந்ததைப் போல உணர்ந்தேன்.

அந்த மிச்சம் சுமை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு பெற்றவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த டொனால்ட் ரைட்ஸஸ், எலிசபெத் முட்ரான் ஆகியோர், வேலையில் இருந்தபோது உருவான தொழில் அடையாளம் ஓய்வுக்குப் பின்னரும் தன்மதிப்பைத் தாங்கி நிற்பதைக் கண்டார்கள். வேலை நின்றுவிட்டாலும், வேலை செய்தவர் என்ற உணர்வு நின்றுவிடுவதில்லை. எனவே படிவத்தின் அந்தக் கட்டத்தில் 'மாணவி' என்று எழுதினாலும், கணக்குப் பார்த்த அந்த 17 ஆண்டுகளை யாரும் உங்களிடமிருந்து திரும்பக் கேட்கப்போவதில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சிறிய காரியம். ஓய்வுக்குப் பின் தச்சு வேலை கற்கப் போனேன். என் முதல் முக்காலி நிற்காமல் ஆடியது. கற்றுக்கொடுத்தவருக்கு என் வயதில் பாதிகூட இராது. அவர் சிரித்தபோது எனக்குக் காது சிவந்தது. அன்றிரவு பழைய பயிற்சிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பயிற்சிப் பொறியாளராக இருந்த முதல் ஆண்டில், ஒரு வால்வைத் தவறான பக்கம் திருப்பி நான் வாங்கிய திட்டு அதில் என் கையெழுத்திலேயே இருந்தது. ஆடுகிற முக்காலியை 31 ஆண்டு அனுபவசாலியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பிட வேண்டியவன் அந்த முதலாண்டுப் பையன் அல்லவா! முக்காலி இப்போதும் ஆடத்தான் செய்கிறது, காலுக்கடியில் அட்டை வைத்திருக்கிறேன்.

மறுமொழி 4 | பதிவர்: முன்வரிசை மாணவி

மூவருக்கும் நன்றி. ஐயா, முக்காலியைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பெட்டியைத் திறந்தேன். முதல் வேலையின் குறிப்பேடுகள் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதத்தில் ஒரு முழுப் பட்டியலையும் தலைகீழாகப் பதிந்துவிட்டுக் கழிப்பறையில் நின்று அழுதது நினைவுக்கு வந்தது. அதை எப்படி அடியோடு மறந்திருந்தேன் என்று தெரியவில்லை.

நேர்நிரை அவர்களே, கடுமையாகத் தோன்றவில்லை. ஆனால் குரலைப் பழக நின்றால், பழகுகிற ஒவ்வொரு முறையும் என் மதிப்பே தராசில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பழகுவதையே தள்ளிப்போடுகிறேன். மறப்பதற்கு வழி தெரிந்தால் மறந்திருப்பேன்.

மகளைப் பற்றி யாராவது எழுதினால் மகிழ்வேன்.

மறுமொழி 5 | பதிவர்: வளர்ச்சிப் பாடம்

நேர்நிரை அவர்கள் சொன்ன நரியிலிருந்து தொடங்குகிறேன். நரி பழத்தையே கைவிட்டது. இங்கே யாரும் நல்ல ஆசிரியராகும் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. எட்டாவது மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை மட்டுமே மாற்றச் சொல்கிறோம். இலக்கைத் தாழ்த்துவதும் தவணையைத் திருத்துவதும் ஒன்றல்ல. கடன் கணக்கு எழுதியவருக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

சகோதரி குறிப்பிட்ட தராசும் ஆய்வுக்கு உட்பட்ட பொருள்தான். ஜெனிபர் கிராக்கரும் கானி வுல்ஃபும் 2001-இல், ஒருவரின் தன்மதிப்பு எவ்வளவு உயரம் என்பதைவிட, அது எதன்மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்றார்கள். படிப்பு, தோற்றம், பிறர் ஒப்புதல், போட்டியில் வெல்வது, குடும்பத்தின் அன்பு, கடவுளின் அன்பு, நல்லொழுக்கம் என ஏழு தளங்களைக் கிராக்கரும் வேறு சில உடன் ஆய்வாளர்களும் பின்னர் சோதித்தார்கள். எந்தத் தளத்தில் மதிப்பைப் பணயம் வைத்திருக்கிறோமோ, அங்கே ஏற்படும் ஒவ்வொரு சறுக்கலும் முழு மனிதரையும் உலுக்கும். அங்கேதான் முயற்சியைத் தள்ளிப்போடவும் தோன்றும், ஏனெனில் முயலாதவரைத் தீர்ப்புக்கு நிறுத்த முடியாது. பழகாமல் இருப்பதற்கு உங்கள் சோம்பல் காரணமல்ல என்று இதனால்தான் நினைக்கிறேன். தீர்ப்பளிக்க யாருமில்லாத இடத்தில், உதாரணமாக ஒரே ஒரு சக மாணவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, குறிப்பேடு இல்லாமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். நேர்நிரை அவர்களும் நானும் இந்த இடத்தில் ஒன்றுபடுவோம் என்று நம்புகிறேன்.

இனி மகள். மேலோட்டமாக ஒரே வாக்கியம்தான், ஆனால் உள்ளே இருப்பது வேறு. உங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முதலாண்டுப் பெண் இருக்கிறாள்; அவளுக்கு அப்படி ஒரு முன்கதை இல்லை, இதுதான் அவளுடைய முதல் பெரிய மாற்றம். குழந்தைப் பருவத்தில் தன்மதிப்பு இன்னும் நிலைப்படாத ஒன்று என்பதையும், வளரிளம் பருவத்தில்தான் அது மெல்ல இறுகத் தொடங்குகிறது என்பதையும் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன.

பள்ளி மாற்றம் பற்றி ராபர்ட்டா சிம்மன்ஸும் டேல் பிளைத்தும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்திய ஆய்வு 1987-இல் நூலாக வந்தது. ஒரே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்த பிள்ளைகளையும், ஏழாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு மாறிய பிள்ளைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மாறிய சிறுமிகளின் தன்மதிப்பு சரிந்தது. பள்ளி மாற்றம், பருவமடைதல், வீடு மாறுதல், குடும்பத்தில் குழப்பம் ஆகியவை ஒரே நேரத்தில் குவிந்த பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இதிலிருந்து சிம்மன்ஸ் எடுத்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தது: எல்லாம் மாறும்போது, மாறாமல் இளைப்பாற ஒரு களமாவது பிள்ளைக்கு வேண்டும். அது ஒரு பழைய தோழியாக இருக்கலாம், தொடர்ந்து ஆடும் விளையாட்டாக இருக்கலாம், அவள் எப்படிப் படித்தாலும் நிறம் மாறாத வீடாகவும் இருக்கலாம். இந்த ஆண்டில் உங்கள் வீட்டில் தாயும் மாறிக்கொண்டிருக்கிறார் என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் களத்தைச் சற்றே கவனமாக அமைக்க வேண்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

முதலிடம் போனதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து காட்டி வருவது இது: ஒரே திறமையுள்ள இரு பிள்ளைகளில், திறமைசாலிகள் நிறைந்த பள்ளியில் சேர்ந்தவர் தம் படிப்பைப் பற்றித் தாழ்வாக மதிப்பிடுகிறார். சிறு குளத்தில் பெரிதாக இருந்த மீன் ஏரிக்கு வந்தால் அதன் உடல் சுருங்குவதில்லை. பக்கத்தில் நீந்துபவைதான் வேறு. "நீ கெட்டிக்காரிதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, போன ஆண்டு முடியாத எந்தக் கணக்கு இந்த ஆண்டு முடிகிறது என்று அவளுடன் உட்கார்ந்து பார்ப்பது பயன் தரும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உறக்கம் கெடுவது, பிடித்தவற்றில் விருப்பம் அற்றுப்போவது, உண்பதில் மாற்றம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது உங்களிடமானாலும் மகளிடமானாலும், தன்மதிப்பு என்ற சொல்லுக்குள் அதை அடைத்துவிட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது, அன்றே போக வேண்டும்.

மறுமொழி 6 | பதிவர்: நேர்நிரை

தவணையைத் திருத்துவது என்ற விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் எத்தனை முறை திருத்தலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் நரி மறுபடி வந்துவிடும். பயிற்சியின் முடிவில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று மேற்பார்வையாளர் சொல்வதை முழு எடையோடு ஏற்பேன் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 7 | பதிவர்: முன்வரிசை மாணவி

இறுதி மாதிரி வகுப்பின் நாளைக் குறித்துக்கொண்டேன், நேர்நிரை அவர்களே.

நேற்று மாலை சக மாணவர் வரவில்லை. எனவே மகளைக் கூடத்தின் கடைசி மூலையில் உட்கார வைத்து, பின்னங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். நான்காவது நிமிடத்தில், "அம்மா, கேட்கவில்லை" என்றாள். உரக்கப் பேசினேன். முடிந்ததும், அவளுடைய புதிய பள்ளியில் பகுதியைச் சமமாக்கும் முறையை வேறு விதமாகக் கற்றுத் தருகிறார்கள் என்று சொல்லி, சாக்குக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பலகையில் எழுதிக் காட்டினாள். ஓர் இடத்தில் தவறு செய்தாள், தானே அழித்துத் திருத்திக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய முறை என்னுடையதைவிடச் சுருக்கமாக இருந்தது. அடுத்த மாதிரி வகுப்பில் அதையே பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.